சராசரிக்குச் சொன்னதைப் பாக்கெட்டுக்குச் சொல்லலாமா?

மும்பை தாராவியில் இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு விற்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

"ஒரு நாளைக்கு ஐந்து அண்டா மாவு, மொத்தம் 600 பாக்கெட் போடுகிறோம். ஒவ்வொன்றிலும் 1 கிலோ என்று அச்சிட்டிருக்கிறோம். மாட்டுங்காவில் ஒரு கடை தர ரிப்போர்ட் கேட்டதால் 12,000 ரூபாய் கொடுத்து ஒரு ஆலோசகரை வரவழைத்தேன். காலை ஆறு மணிக்கு வந்தார். முதல் மூன்று அண்டாக்களிலிருந்து பத்துப் பத்தாக 30 பாக்கெட் எடுத்து எடை போட்டார். சராசரி 1006 கிராம், ஸ்டாண்டர்ட் எரர் 2 கிராம், ஆகவே சென்ட்ரல் லிமிட் தியரத்தின்படி 95 சதவீதம் பாக்கெட்டுகள் 1002-க்கும் 1010-க்கும் நடுவில் இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரமே கடைக்காரர் 982 கிராம் இருந்த பாக்கெட்டை என் முன்னால் தராசில் வைத்துக் காட்டினார். தேற்றம் தப்பா, தராசு தப்பா? டேட்டா சயின்ஸ் வகுப்புக்குப் போகும் என் மகளும், 30-ஐத் தாண்டினால் எல்லாம் நார்மல் ஆகிவிடும் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள் என்கிறாள்."

சகோதரி, தேற்றமும் சரி, தராசும் சரி. தப்பு ரிப்போர்ட்டில் இருக்கிறது. சராசரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவர் பாக்கெட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார். மும்பைக் கல்லூரிகளில் 26 வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் அதிகமாகப் பார்த்த தவறு இதுதான். இதனால் பணம் இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பதை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். நூறு பாக்கெட்டின் எடையை நூறு துண்டுச் சீட்டில் எழுதி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். கண்ணை மூடி நாலு சீட்டு எடுத்து, சராசரி பார்த்து, நோட்டில் எழுதுங்கள். சீட்டுகளைத் திரும்ப டப்பாவில் போட்டுக் குலுக்கி மறுபடி நாலு எடுங்கள். இப்படி ஐம்பது தடவை செய்யுங்கள். டப்பாவில் இருப்பவை பாக்கெட்டின் எடைகள். நோட்டில் இருப்பவை சராசரிகள். நோட்டில் இருக்கும் அந்த ஐம்பது எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைத்தான் கூறெடுப்புப் பரவல் என்கிறோம். வகுப்பில் சாம்ப்ளிங் டிஸ்ட்ரிபியூஷன் என்று சொல்வார்கள். டப்பாவும் நோட்டும் வேறு வேறு என்பது மனதில் நின்றுவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

நோட்டில் உள்ள எண்கள் டப்பாவில் உள்ளவற்றைவிட நெருக்கமாக இருக்கும். நாலு சீட்டில் ஒன்று ரொம்பக் கம்மி என்றாலும் மற்ற மூன்றும் பெரும்பாலும் அப்படி இருக்காது, அதனால் சராசரி அவ்வளவு இறங்காது. எவ்வளவு நெருக்கம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது: பாக்கெட்டுகளின் திட்ட விலக்கத்தை, அதாவது எடைகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவை, எடுத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது திட்டப் பிழை, அதாவது ஆலோசகர் எழுதிய ஸ்டாண்டர்ட் எரர். பிழை பாதியாக வேண்டுமென்றால் நாலு மடங்கு பாக்கெட்டை எடை போட வேண்டும். மைய எல்லைத் தேற்றம், அதாவது ஆலோசகர் எழுதிய சென்ட்ரல் லிமிட் தியரம், இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது: டப்பாவில் எடைகள் எப்படிப் பரவியிருந்தாலும், கூறு, அதாவது ஒரு தடவை எடுக்கும் சீட்டுகளின் எண்ணிக்கை, பெரிதாகப் பெரிதாக நோட்டில் இருக்கும் சராசரிகள் மணி வடிவத்தை நெருங்கும். நடுவில் உயர்ந்து இருபக்கமும் சமமாகச் சரியும் இந்த வடிவத்தைத்தான் உங்கள் மகள் நார்மல் என்கிறாள். டப்பா மாறாது. ஒருபக்கம் சாய்ந்திருந்தால் சாய்ந்தே இருக்கும். 30 இல்லை, 3000 பாக்கெட்டை எடை போட்டாலும் பாக்கெட்டுகள் மணி வடிவத்துக்கு வந்துவிடாது. மகளிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். திட்டப் பிழை 2 கிராம், பாக்கெட் 30. முப்பதின் வர்க்கமூலம் ஏறக்குறைய 5.5. இரண்டையும் பெருக்கினால் 11. ஆக, உங்கள் பாக்கெட்டுகளின் திட்ட விலக்கம் 11 கிராம். அந்த எடைகள் மணி வடிவத்தில் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால், சராசரிக்கு இருபக்கமும் இரண்டு திட்ட விலக்கத்துக்குள், அதாவது 22 கிராமுக்குள், 95 சதவீதம் அடங்கும். ஆக, 95 சதவீதம் பாக்கெட்டுகள் 984-க்கும் 1028-க்கும் நடுவில் இருக்கும். அவர் எழுதிய 1002, 1010 எங்கே, இது எங்கே? 1 கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டே நூற்றுக்கு 29 வரும். 982-க்கும் கீழே நூற்றுக்கு ஒன்றரை வரும். நீங்கள் ஒரு நாளைக்கு 600 போடுகிறீர்கள், அதில் ஒன்பது அப்படிப்பட்டவை. கடைக்காரர் கையில் ஒன்று சிக்கியதில் ஆச்சரியமே இல்லை.

சட்டமும் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. 2011-ஆம் ஆண்டின் சட்ட அளவையியல் பொட்டலப் பொருள் விதிகளில், 500 கிராமுக்கு மேல் 1 கிலோ வரையிலான பொட்டலத்துக்கு அனுமதிக்கப்பட்ட குறை 15 கிராம். சராசரி அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது என்பது ஒன்று. தனித்தனிப் பாக்கெட் எவ்வளவு குறையலாம் என்பது இன்னொன்று. மகாராஷ்டிரத்தில் வைத் மாபன் சாஸ்த்ர (சட்ட அளவையியல்) துறை ஆய்வாளர் வந்து 982-ஐக் கையில் எடுத்தால், "சராசரி 1006" என்று எழுதிய காகிதம் உங்களைக் காப்பாற்றாது.

அடுத்தது 30 என்ற எண். இதன் மேல் எனக்குத் தீராத கோபம். தேற்றத்தில் எங்கேயும் 30 கிடையாது. இதை உருவாக்கிய கணித அறிஞர்களில் டெ முவாவ்ர் 1733-இல் காசு சுண்டுவதை வைத்துத் தொடங்கினார், லாப்லாஸ் 1810-இல் விரித்தார், போல்யா 1920-இல் பெயர் வைத்தார். யாரும் முப்பதைக் கோடாகப் போடவில்லை. சிறிய கூறுகளுக்கென்று இருக்கும் எண் பட்டியலில் (t-பட்டியல்), கூறின் அளவு 30 வாக்கில் இருக்கும்போது வரும் எண்கள் மணி வடிவத்தின் எண்களுக்கு மிக அருகில் வந்துவிடும், அவ்வளவுதான். அந்தச் சிறிய கூறுக் கணக்கை 1908-இல் எழுதிய காசெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். உங்களைப் போலவே நொதிக்கிற சரக்கோடு மல்லுக்கட்டியவர். எடைகள் சீராகப் பரவியிருந்தால் பத்தே போதும். படு கோணலாக இருந்தால் முப்பது எந்த மூலைக்கு? ஆயிரத்தில் ஒன்றுக்குப் பரிசு விழும் லாட்டரியில் 30 சீட்டு வாங்கினால், நூற்றுக்கு 97 தடவை கைக்கு வரும் சராசரி பூஜ்யம். அந்தச் சராசரியில் எங்கே மணி வடிவம்?

சரி, இதைவிட முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். உங்கள் விஷயத்தில் அந்த 2 கிராமே உண்மையில் 2 கிராம் இல்லை.

தேற்றம் ஒரு நிபந்தனை போடுகிறது. எடுக்கும் ஒவ்வொரு பாக்கெட்டும் மற்றதைச் சாராமல், முழு உற்பத்தியிலிருந்தும் குலுக்கலாக வர வேண்டும். ஒரே அண்டாவின் பத்துப் பாக்கெட்டுகள் அப்படி இல்லை. உளுந்து எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, கிரைண்டர் எவ்வளவு நேரம் ஓடியது, யார் குவளையைப் பிடித்தது எல்லாம் பத்துக்கும் பொது. மாவு பொங்குவது அதற்கும் மேல். நீங்கள் குவளையால் அளந்து ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மும்பைப் புழுக்கத்தில், பாக்கெட் போட்டு முடிப்பதற்குள் மாவு அண்டாவிலேயே பொங்கத் தொடங்கிவிடும். காற்றேறிய மாவு அதே குவளையில் எடை குறைவாகத்தான் நிற்கும். சீல் வைத்த பிறகு பாக்கெட் உப்பினாலும் எடை மாறாது, அதில் சிக்கல் இல்லை. ஆனால் நேரம் ஆக ஆக ஊற்றும்போதே எடை இறங்கும். காலை ஆறு மணிக்கு முதல் மூன்று அண்டாவை மட்டும் பார்த்தவருக்கு நாலாவதும் ஐந்தாவதும் தெரிய வழியில்லை.

எண்ணில் பாருங்கள். அண்டாவுக்கு அண்டா திட்ட விலக்கம் 10 கிராம், ஒரே அண்டாவுக்குள் பாக்கெட்டுக்குப் பாக்கெட் 4 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அதே 11 கிராம்தான் வரும். ஆனால் 30 பாக்கெட்டும் மூன்றே அண்டாவிலிருந்து வந்திருந்தால், திட்டப் பிழையை முக்கியமாக முடிவு செய்வது மூன்று என்ற எண்தான். பத்தை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 5.8. ஏறக்குறைய 6 கிராம்! அப்படியானால் உண்மையான சராசரி 994-ஆகவும் இருக்கலாம், 1018-ஆகவும் இருக்கலாம். உங்கள் சராசரியே 1 கிலோவுக்குக் கீழே இல்லை என்று அந்த ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. அதே மூன்று அண்டாவிலிருந்து 300 பாக்கெட் எடுத்திருந்தாலும் இந்த 6 குறையாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது அந்த ஒரு பானைக்கு மட்டும்தான். அடுத்த அடுப்பில் இருக்கும் பானையைப் பற்றி அந்தச் சோறு எதுவும் சொல்லாது.

இது ஏன் நடக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஆதங்கப்படுகிறேன். கடைக்கு வேண்டியது முத்திரை குத்திய காகிதம். அதை யாரும் படிப்பதில்லை. படிக்காத காகிதத்தை எழுதிக் கொடுக்க ஒருவர் வருகிறார். எல்லாருக்கும் ஒரே ரிப்போர்ட், பெயரும் நாலு எண்ணும் மட்டும் மாறும். நம் பாடத்திட்டமும் இதற்குத் துணை போகிறது. "மைய எல்லைத் தேற்றத்தைக் கூறுக" என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வரும். மாணவர் மனப்பாடமாக எழுதிவிடுவார். ஒரு டப்பாவில் சீட்டைப் போட்டுக் குலுக்கச் சொல்ல வகுப்பில் ஒரு மணி நேரம் கிடையாது. அப்புறம் மூன்று மாதச் சான்றிதழ் வகுப்புகள் அதே வரியை ஐம்பதாயிரம் ரூபாய்க்கு விற்கின்றன. மகளின் வகுப்பில் எத்தனை தடவை அவர்களே கூறெடுத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஒரு தடவைகூட இல்லை என்றால் அடுத்த தவணையைக் கட்டும் முன் யோசியுங்கள்.

இனி யார் ரிப்போர்ட் கொடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த ± எண் பாக்கெட்டுக்கா, சராசரிக்கா? பாக்கெட்டுகளை எந்தெந்த அண்டாவிலிருந்து, எந்த நேரத்தில் எடுத்தீர்கள்? இரண்டுக்கும் நேரடியாகப் பதில் வராவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்த 12,000 ரூபாயை ஆலோசகருக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு கிராம் வரை காட்டும் தராசு உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள், ஒவ்வொரு அண்டாவிலும் ஊற்றத் தொடங்கும்போது ஒன்று, நடுவில் இரண்டு, கடைசியில் ஒன்று என நாலு பாக்கெட் எடை போடுங்கள். வெறும் கவரின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். நாள், அண்டா எண், மணி மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். மொத்தம் 120 எடை, 30 அண்டா. ஒவ்வொரு அண்டாவின் நாலையும் சராசரி எடுத்து ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் உங்களிடம் ஒன்றையொன்று அதிகம் சாராத 30 எண்கள் இருக்கும்.

சராசரியை மட்டும் உயர்த்தித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். திட்ட விலக்கம் 11-ஆகவே இருந்தால், 1 கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டை நூற்றுக்கு இரண்டு மூன்றாகக் குறைக்க 1022 கிராம் ஊற்ற வேண்டும். அதையே 5-ஆகக் குறைத்துவிட்டால் 1010 போதும். பாக்கெட்டுக்கு 12 கிராம் மிச்சம், 600 பாக்கெட்டுக்கு ஒரு நாளைக்கு 7 கிலோவுக்கு மேல். குவளைக்குப் பதில் தராசின் மேலேயே பாக்கெட்டை வைத்து ஊற்றிப் பாருங்கள். அண்டா எண்ணும் மணியும் எழுதிய அந்த நோட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். நாலாவது, ஐந்தாவது அண்டாவில் எடை இறங்குகிறதா என்று முதலில் பார்ப்போம்.