ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு கோடிங் தேவையா?

கேள்வி: என் மகள் தமிழ்வழியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஆன்லைனில் கோடிங் வகுப்பு நடத்துகிறவர்கள் அடிக்கடி போன் செய்கிறார்கள். இப்போதே சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவாள் என்கிறார்கள். குழந்தைகள் கம்ப்யூட்டர் புரோகிராமிங் கற்கத்தான் வேண்டுமா?

பதில்:

கற்றுக்கொடுங்கள். ஆனால் அந்த வகுப்பில் சேர்க்காதீர்கள்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே ஒரு கடலோர ஊரில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். பிசிஏ படித்தவன். சனி, ஞாயிறு சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் கடையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் தெருப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். உங்கள் கேள்வியை என்னிடம் நேரிலேயே நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அம்மாக்கள். கையில் போனோடு வந்து, "தம்பி, இதுல பணம் கட்டிரவா?" என்பார்கள்.

அந்த போன்காரர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்கின்போது பெருகிய வியாபாரம் இது. பயத்தை விற்கிறார்கள். கட்டணத்தை "மாதத் தவணைதான்" என்பார்கள். பல இடங்களில் அது உங்கள் பெயரில் எடுக்கிற கடன். பிள்ளை நடுவில் நின்றுவிட்டாலும் தவணை நிற்காது. கையெழுத்துப் போடும் முன், ஓடிபி சொல்லும் முன், இது கடனா என்று ஒரு தடவை நேராகக் கேளுங்கள். கற்றுக்கொள்ளத் தேவையான மென்பொருள் எல்லாமே இலவசமாகக் கிடைக்கும்போது எதற்காகக் கடன்?

சரி, பிறகு ஏன் கற்கச் சொல்கிறேன்?

கம்ப்யூட்டரிடம் பாதியைச் சொன்னால் மீதியை அது தானாகப் புரிந்துகொள்ளாது. என் கடையில் தினமும் இதைப் பார்க்கிறேன். ஆதாரில் முதலெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கும், ரேஷன் கார்டில் பின்னால் இருக்கும். ஊருக்கே தெரியும், இரண்டும் ஒரே ஆள். விண்ணப்பம் மட்டும் திரும்பி வரும். "என்னைத் தெரியாதாய்யா உனக்கு?" என்று பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். மனிதர்கள் பேசும்போது விட்டுப்போனதைக் கேட்பவர் நிரப்பிக்கொள்வார். எந்திரம் நிரப்பாது. புரோகிராம் எழுதும் பிள்ளை முதலில் முட்டுவது அங்கேதான். தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எதையும் விடாமல், வரிசை பிசகாமல் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் யாரும் திட்ட மாட்டார்கள். திரையில் தப்பாக நடக்கும். திருத்தி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். பள்ளியில் ஒரு கணக்குத் தப்பானால் சிவப்புக் கோடு விழுந்து அதோடு முடிந்துவிடும். இங்கே தப்பிலிருந்துதான் வேலையே ஆரம்பிக்கிறது.

ஒரு தடைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டாவது படிக்கிற ஒரு பெண்ணும் அவள் தம்பியும் ஸ்க்ராட்ச் என்ற, கட்டளைக் கட்டைகளை அடுக்கிப் புரோகிராம் செய்யும் மென்பொருளில் பூனையை நடக்கவைத்து அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். "தேதியைக் கொடுத்தா, இன்னைக்கு போட்டு கடலுக்குப் போகலாமா கூடாதான்னு சொல்ற மாதிரி ஒண்ணு செய்யுங்க" என்றேன். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்தப் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்பா வீட்டில் இருப்பது, போட்டுக்குப் பெயின்ட் அடிப்பது, வலையைப் பழுது பார்ப்பது, கடையில் கடன் சொல்வது எல்லாம் அந்த நாட்களில்தான்.

அவள் வைத்த முதல் நிபந்தனை: மாதம் 3-ஐ விடப் பெரிதாகவும் 7-ஐ விடச் சிறிதாகவும் இருந்தால் "போகக் கூடாது". மே மாதத் தேதி ஒன்று கொடுத்தாள், சரியாகச் சொன்னது. டிசம்பர் கொடுத்தாள், அதுவும் சரி. முடிந்தது என்று எழுந்தாள். தம்பி ஜூன் 20 கொடுத்தான். போகக் கூடாது என்றது. "போன வருஷம் அன்னைக்கெல்லாம் அப்பா எறா கொண்டாந்தாரே" என்றான்.

மறுபடி உட்கார்ந்தார்கள். ஏப்ரல் என்றால் தேதி 14-ஐ விடப் பெரிதா என்று பார்க்க வேண்டும். மே என்றால் எல்லா நாளும் தடை. ஜூன் என்றால் 14-ஐ விடச் சிறிதா என்று போட்டாள். இப்போது ஜூன் 14 மட்டும் தப்பித்துக்கொண்டது. அதைப் பிடிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெண் எதைச் செய்தாலும் முதலில் ஓரத்தில் இருக்கும் நாட்களை, ஓரத்தில் இருக்கும் எண்களைக் கொடுத்துத்தான் சோதிக்கிறாள். பட்டம் வாங்கி வேலைக்குப் போகிறவர்களே கோட்டை விடுகிற இடம் அது.

அடுத்த வாரம் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெரியவர் நாட்டுப்படகில் தொழில் செய்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏத்தா, தடை விசைப்படகுக்குத்தானே? நாட்டுப்படகுக்கு ஏது?" என்றார். சரி, "எந்தப் படகு?" என்று ஒரு கேள்வி சேர்ந்தது. அப்புறம் எங்கள் பக்கம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்பதால் கிழமை சேர்ந்தது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால்? அதுவும் சேர்ந்தது. கட்டைகள் திரைக்கு வெளியே போகுமளவுக்கு நீண்டுவிட்டன. அப்போதுதான் பெரியவர் சொன்னார்: "கடலுக்குப் போக மீன்துறைல டோக்கன் குடுத்தாகளா இல்லையான்னு ஒண்ணைக் கேளேன். கூண்டு, தடை எல்லாம் பாத்துத்தானே குடுக்குறாக?"

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு விசைப்படகுப் பக்கம் தான் அடுக்கியிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து அழித்துவிட்டு, டோக்கன் கேள்வி ஒன்றை மட்டும் வைத்தாள். பத்து நிபந்தனைக்குப் பதில் சரியான ஒரு நிபந்தனை. இதைச் சொல்லித்தந்தவர் மவுஸைக் கையால் தொட்டதில்லை. தொழில் தெரிந்தவருக்குப் பிழை கண்ணில் படும். அவர் சொன்னதை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்ற அந்தப் பெண்ணுக்குத் தெரியும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன, அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி யோசனை புதிதும் இல்லை. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கு சிக்னல் கிடைக்காது. "இது நடந்தால் அதைச் செய்" என்ற நிபந்தனைக்கு இதைவிட நல்ல உதாரணத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் தேட வேண்டாம். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை எண்கள் கொண்டது. எங்கே, எவ்வளவு ஆபத்து என்ற பெரிய செய்தியை ஒரே எண்ணில் அடக்கிவிடுகிறார்கள். தகவலைக் குறியீடாக மாற்றுவது என்றால் அதுதான். சின்னப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடும். ஆனால் விற்பனைக்கு வரும் வகுப்புகளில் பீட்சா ஆர்டரையும் விண்வெளிக் கப்பலையும் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் நேர்மையாக இருக்க வேண்டும். "கோடிங் கற்றால் மூளை வளரும், கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குவாள்" என்பார்கள். நம்பாதீர்கள். 1967-இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்சைக் ஆகியோர் அமெரிக்காவில் குழந்தைகளுக்கென்றே லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். பிற்பாடு அதில் ஒரு ஆமை வந்தது. முன்னால் போ, வலப்பக்கம் திரும்பு என்று கட்டளை கொடுத்தால் படம் வரையும். அதன் மேல் ரொம்பப் பெரிய எதிர்பார்ப்புகள் இருந்தன. 1984-இல் ராய் பீ, மிடியன் கர்லாண்ட் என்ற ஆய்வாளர்கள், லோகோ படித்த பிள்ளைகளையும் படிக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு வேலையைத் திட்டமிடும் திறனில், படித்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேறவில்லை என்று கண்டார்கள். ஆகவே புரோகிராமிங் கற்றால் முதலில் புரோகிராமிங்தான் வரும். கணக்கு வர வேண்டுமென்றால் கணக்குப் போட வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் பிள்ளையைப் பேசவைத்து, ஏன் என்று கேட்டு, வேறு விஷயங்களோடு முடிச்சுப் போட்டால் கூடுதல் பயன் உண்டு. வீடியோவைப் பார்த்து அப்படியே நகல் எடுத்தால் ஒன்றும் கிடைக்காது.

வயது? தமிழில் ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசிக்கவும், கூட்டல் கழித்தல் பெருக்கல் போடவும் வராத பிள்ளைக்கு அதைத்தான் முதலில் கொடுங்கள். இங்கிலாந்தில் 2014 முதல் ஐந்து வயதிலிருந்தே கம்ப்யூட்டிங் பாடம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த வயதுக்குத் திரையே வேண்டாம். ஒரு பிள்ளையை எந்திரமாக நிற்கவைத்து, இன்னொரு பிள்ளை "மூணு அடி முன்னால, இடப்பக்கம் திரும்பு" என்று கட்டளை கொடுத்து வாசலிலிருந்து அடிபம்பு வரை கொண்டுபோகட்டும். சுவரில் முட்டுவார்கள், சிரிப்பார்கள், திருத்துவார்கள்.

உங்கள் மகளுக்குச் சரியான வயதுதான். ஸ்க்ராட்சில் ஆரம்பியுங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழு உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. காசு கிடையாது. ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். காற்றடிக்கிற நாளில் கரண்டும் நெட்டும் போய்ப் போய் வரும் எங்கள் ஊருக்கு இது பெரிய உதவி. அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசாங்கம் கொடுத்த விலையில்லா லேப்டாப் வீட்டில் கிடந்தால், அது இயங்குகிற நிலையில் இருந்தால் பெரும்பாலும் போதும். போனில் மட்டும் வேண்டாம், கட்டைகளை இழுத்து வைக்க அந்தத் திரை பத்தாது. வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம். அதற்கு மேல் அவள் கேட்டாலும் வெளியே விளையாடட்டும்.

ஸ்க்ராட்ச் கை பழகிய பிறகு, எட்டாவது ஒன்பதாவதில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி. லோகோவின் அதே ஆமை பைத்தானிலும் உண்டு. அதைவைத்துக் கோலம் வரையச் சொல்லுங்கள். முதலில் புள்ளி வைக்க ஒரு சுழற்சி, அதாவது ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது, பிறகு வளைவுகள். நாலு பக்கமும் ஒரே மாதிரி வருகிற கோலத்துக்கு ஒரு பக்கத்தை மட்டும் எழுதி நாலு தடவை சுற்றச் சொன்னால் போதும் என்பதைப் பெண் பிள்ளைகள் வெகு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள், கை ஏற்கெனவே அறிந்த விஷயம் ஆயிற்றே. இது வெறும் விளையாட்டும் கிடையாது. 1970-களிலேயே சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதி ஆய்வு செய்தார்கள். கணினி அறிவியலில் அந்த வேலைக்கு இன்றும் மரியாதை உண்டு.

ஆங்கிலம் தெரியாதே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. பைத்தானுக்கே உரிய கட்டளைச் சொற்கள் 35தான். ஆரம்பத்தில் தேவைப்படுவது அதில் கால்வாசி. நாமே வைக்கிற பெயர்களையெல்லாம் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் ஏற்றுக்கொள்ளும். காற்று, தேதி, படகு என்று பிள்ளைகள் பெயர் வைத்து எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எழில் என்று முழுக்கத் தமிழ்ச் சொற்களிலேயே எழுதும் மொழியும் இருக்கிறது. வேலைக்குப் போகும்போது ஆங்கிலத்தில்தான் பெயர் வைக்க வேண்டியிருக்கும், அது வேறு. ஆறாவதில் யோசனை எந்த மொழியில் ஓடுகிறதோ அந்த மொழியில் எழுதட்டும்.

"இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, கேட்டால் அதுவே எழுதித் தருமே?" என்றும் கேட்கிறார்கள். தரும். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது எழுதித் தந்த புரோகிராமில் தடைக்காலத்தை நாட்டுப்படகுக்கும் சேர்த்துப் போட்டிருந்தால், ஜூன் 14-ஐ விட்டிருந்தால், அதை யார் பிடிப்பது? வரிகளை வாசிக்கவும் ஓரங்களைச் சோதிக்கவும் தெரிந்தவர்தான் பிடிக்க முடியும். ஆகவே ஏஐ வந்ததால் கற்க வேண்டிய அவசியம் கூடியிருக்கிறது என்பதே என் எண்ணம். பிள்ளைகள் மட்டும் முதல் ஒன்றிரண்டு வருடம் அதன் பக்கம் போகாமல் தாங்களே முட்டி மோதி எழுதட்டும்.

கடைசியாக, "பின்தங்கிவிடுவாள்" என்கிற பயம். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்தால் சி++ என்ற புரோகிராமிங் மொழி வருகிறது, பன்னிரண்டில் பைத்தான். புத்தகம் தமிழ்வழியிலும் உண்டு. இரண்டுமே ஒன்றும் தெரியாதவர்களுக்கு அடியிலிருந்து தொடங்குகிற பாடங்கள். உங்கள் மகளுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. ஸ்க்ராட்ச் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று அவள் சொன்னாலும் விட்டுவிடலாம். அப்போது அந்தப் பிரிவை எடுக்க எந்தத் தடையும் இருக்காது. போனில் கூப்பிடுகிறவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு நம்பரை பிளாக் செய்துவிடுங்கள்.