மாணவர் அல்லாதவர் பல்கலைக்கழக விரிவுரைக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம்

கேள்வி: "மஸ்கெலியா பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவன். உயர்தரம் முடித்துவிட்டு வேலைக்குப் போகிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நடக்கப்போகும் விருந்தினர் விரிவுரைகள், ஆய்வரங்குகள் பற்றிய அறிவித்தல்களை பேஸ்புக்கில் அடிக்கடி பார்க்கிறேன். அங்கே படிக்காத என்னைப் போன்றவர்கள் போகலாமா? போனால் என்ன பிரயோசனம்?"

தாராளமாகப் போகலாம். போக வேண்டும் என்றே சொல்வேன்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இப்படியான விரிவுரைகளுக்கு உயர்தரப் பிள்ளைகளை நெடுநாளாகக் கூட்டிக்கொண்டு போகிறேன். சில வேளை பெற்றோரும் வருவார்கள். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்தப் பதில்.

முதலில் அனுமதி விஷயம். அறிவித்தலில் "பொது விரிவுரை", "நினைவுப் பேருரை", "அனைவரும் வருக" என்று இருந்தால் நீங்கள் யாரிடமும் கேட்கத் தேவையில்லை, நேரே போய் உட்காரலாம். "விருந்தினர் விரிவுரை" என்று மட்டும் போட்டிருந்தால், அது பெரும்பாலும் ஒரு பாடநெறி மாணவர்களுக்காக வெளியிலிருந்து ஒருவரை அழைத்து நடத்துவது. அதற்கும் வழியிருக்கிறது. அறிவித்தலின் அடியில் துறையின் தொலைபேசி இலக்கமோ மின்னஞ்சலோ இருக்கும். "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இந்தத் தலைப்பில் ஆர்வம், பின்வரிசையில் இருந்து கேட்கலாமா?" என்று இரண்டு வரி எழுதுங்கள். நான் கேட்டவரையில் மண்டபத்தில் இடம் போதாது என்ற காரணத்தைத் தவிர வேறு எதற்கும் மறுப்பு வந்ததில்லை. வாயிற் காவலர் விசாரித்தால் காட்டுவதற்கு அறிவித்தலின் படமும் அடையாள அட்டையும் கையில் இருந்தால் போதும். ஆய்வரங்கு, மாநாடு என்றால் மட்டும் பதிவுக் கட்டணம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. 1952இல் பேராதனைக்கு வந்தது. 1954இல் எலிசபெத் அரசியின் கணவர் எடின்பரோ கோமகன் வந்து அதைச் சம்பிரதாயமாகத் திறந்து வைத்தபோது, இரண்டு வருடமாக ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த இடம் என்பதால், "வழமையை விடக் கூடுதலாகத் திறந்திருக்கிறது" என்று அறிவித்ததாகப் பதிவு இருக்கிறது. அந்தப் பெரிய வளாகம் எழும்பிய நிலம் அதற்கு முன்பு தோட்டக் காணி. வளாகத்துக்கு ஊடாகப் போகிற கலஹா வீதியிலேயே தொடர்ந்து மேலே ஏறினால் லூல்கந்துரைக்குப் போய்ச் சேரலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலைத் தொடக்கி வைத்த இடம் அது. அதனால் அந்த வளாகத்தை நமக்கு அந்நியமான இடமாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை. நீங்களும் நினைக்காதீர்கள்.

இனி, போய் என்ன பிரயோசனம் என்பது. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அறிவித்தல் பலகைகளைக் கொஞ்ச நாள் தொடர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் புரியும். தேயிலை மண், மண்சரிவு, லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வீடமைப்பு, தோட்டப்புறப் போசாக்கு, பிரஜாவுரிமை வரலாறு, பெண் தொழிலாளர், மலையக நாட்டார் பாடல் என்று பேச்சுகளில் கணிசமான பங்கு நம்மைப் பற்றியது. பேசுபவர் வெளிநாட்டிலிருந்து வந்திருப்பார், அல்லது கொழும்பிலிருந்து வந்திருப்பார். கேட்பவர்கள் விரிவுரையாளர்களும் மாணவர்களும். திரையில் நம் லயம், நம் கொழுந்துக்கூடை, நம் மலை. கதிரைகளில் மட்டும் நம்மவர் கையளவுதான். படித்து அங்கே போன நம் பிள்ளைகள் இருப்பார்கள். மலையில் வேலை செய்பவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். இது எனக்கு எப்போதும் மனத்தாங்கலான விஷயம். நம்மைப் பற்றிப் பேசும் அறையில் நாம் இருக்க வேண்டும். இருந்தால் பேச்சே வேறு மாதிரிப் போகிறது.

ஒன்றைச் சொல்கிறேன். மண்சரிவு பற்றி ஒரு விரிவுரை. அன்றைக்கு எங்களோடு ஒரு மாணவியின் அம்மாயியும் (அம்மாவின் அம்மா) வந்திருந்தார். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். பேச்சாளர் ஆங்கிலத்தில் பேச, முன்வரிசையில் இருந்த ஒரு தமிழ் மாணவர் இடையிடையே தமிழில் சுருக்கிச் சொன்னார். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் இடம்பெயர வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுகளை அவர் விளக்கினார். பிறகு அபாய வலய வரைபடம் ஒன்றைக் காட்டினார். அடிப்பாறை, அதற்கு மேலுள்ள மண்படை, சரிவின் கோணம், நீரோட்டம், நிலப் பயன்பாடு, நில அமைப்பு ஆகிய ஆறையும் புள்ளியிட்டுத்தான் எந்த இடம் எவ்வளவு அபாயம் என்று அந்த வரைபடம் நிறம் தீட்டுகிறது.

கேள்வி நேரம் வந்ததும் அம்மாயி எழும்பினார்.

"ஐயா, மழை எத்தன மில்லிமீட்டர்னு சொன்னீங்க, சரி. எங்க காலத்துல மழைக்கு முன்ன ஆம்பளைங்கள விட்டு மலை பூரா கான் வெட்டுவாங்க. எங்க வீட்டுக்காரரும் கான் வெட்டுனவருதான். இப்ப கானெல்லாம் தூந்து காடு மண்டிக் கெடக்கு. தண்ணி ஓட வழியில்லாம மண்ணுக்குள்ளதான எறங்கும். அது ஒங்க படத்துல இருக்குங்களா?"

கான் என்றால் மழைத் தண்ணீர் ஓட மலையில் வெட்டும் வடிகால். மாணவர் மொழிபெயர்த்து முடிக்கும்வரை பேச்சாளர் அம்மாயியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த வரைபடத்தைத் திரும்பத் திரையில் போட்டார். நீரோட்டமும் நிலப் பயன்பாடும் கணக்கில் இருக்கின்றன, ஆனால் எந்த மலையில் எந்தக் கான் தூர்ந்திருக்கிறது என்று இந்த அளவு வரைபடத்தில் தெரியாது, அதை அங்கே இருப்பவர்தான் சொல்ல முடியும் என்றார். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், கான் வெட்டுவது எப்போது நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். அதன் பிறகு மற்றவர்கள் கேட்ட கேள்விகள்கூட கானைப் பற்றியே சுற்றின. தேநீர் நேரத்தில் இரண்டு பட்டப்பின் படிப்பு மாணவர்கள் அம்மாயியைச் சுற்றி நின்றுகொண்டு, கான் எவ்வளவு ஆழம் வெட்டுவார்கள், எத்தனை அடிக்கு ஒரு கான், வெட்டிய மண்ணை மேல் பக்கம் போடுவார்களா கீழ்ப் பக்கமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாயி கையால் அளந்து காட்டினார்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அபாயமான இடம் என்று முன்னரே எச்சரிக்கை விடப்பட்டிருந்த இடம் அது. அறிவு ஒரு பக்கமும் ஆட்கள் ஒரு பக்கமும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம். அந்த விரிவுரையில் என் பிள்ளைகள் குறித்துக்கொண்டு வந்தவை இவை: நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு, மரங்களும் விளக்குக் கம்பங்களும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென்று நிற்பது அல்லது கலங்கி வருவது. ஒரு மாணவன் இதை மட்டையில் எழுதித் தங்கள் லயத்து இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) தொங்கவிட்டான். விரிவுரையால் என்ன பிரயோசனம் என்று கேட்டால் அந்த மட்டையைத்தான் காட்டுவேன்.

மண்சரிவு மட்டும் என்றில்லை. வரலாற்று விரிவுரைகளுக்குப் போவதென்றால் வீட்டிலுள்ள தகரப் பெட்டியை ஒருமுறை கிளறிவிட்டுப் போங்கள். நம்மவரை நாடற்றவராக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம், நம்மவரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்ட 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை தர 2003இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் என்று பேச்சாளர் ஆண்டுகளை அடுக்கிக்கொண்டு போவார். உங்கள் தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழோ, பழைய செக்ரோல் (தோட்டப் பேர்ப் பதிவு) துண்டோ, இந்தியாவுக்குப் போன பெரியம்மா தமிழ்நாட்டு மண்டபம் முகாமிலிருந்து போட்ட கடிதமோ பெட்டியில் இருக்கலாம். அதன் முக்கியத்துவம் அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் உங்களுக்கே தெரியவரும். மூலப் பத்திரத்தைக் கொண்டுபோய் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டினால் போதும். மன்மதன் - ரதி கதையை ஆடும் நம் காமன் கூத்து பற்றிய பேச்சு என்றால், உங்கள் தோட்டத்துக் காமன் பொட்டலில் (கூத்தாடும் திடலில்) மாசி மாதம் பாடும் வாத்தியாரையும் கூடவே கூட்டிப் போங்கள். பேராதனை மேடைக்குக் கூத்து புதிதில்லை. பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளில் மட்டக்களப்புக் கூத்தை அங்கே மேடையேற்றி நாடு முழுக்கப் பேச வைத்தார். மலையகக் கூத்துக்கும் அந்த இடம் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தயாரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. அறிவித்தலில் இருக்கும் சுருக்கத்தை வாசியுங்கள், விளங்காத இரண்டு மூன்று சொற்களைத் தேடிப் பாருங்கள். ஒரு கேள்வியைத் தமிழில் முழு வாக்கியமாக எழுதிக்கொண்டு போங்கள். கேள்வி நேரம் கொஞ்சமாகத்தான் இருக்கும். நன்றியுரை போல நீட்டாமல், எந்த ஊர், என்ன வேலை, என்ன பார்த்தீர்கள், என்ன தெரிய வேண்டும் என்ற வரிசையில் கேட்டால் பேச்சாளருக்கு உடனே பிடிபடும். ஆங்கிலம் தெரியவில்லையே என்று தயங்கி உட்கார்ந்துவிடாதீர்கள். மொழிபெயர்க்க ஒரு தமிழ் மாணவராவது அந்த அறையில் இருப்பார். இருக்கமாட்டார் போலத் தோன்றினால், தொடங்குமுன் ஏற்பாட்டாளரிடம் "தமிழில் ஒரு கேள்வி இருக்கிறது, சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டு வையுங்கள். சந்தோஷமாகச் செய்வார்கள்.

போக்குவரத்துதான் நமக்கு உண்மையான கஷ்டம். ஹட்டனிலிருந்து கம்பளை வழியாகக் கண்டி போகும் பஸ்ஸில் பேராதனையில் இறங்கலாம். ரயில் என்றால் பேராதனைச் சந்தியில் இறங்கலாம். கண்டிக்குப் போகும் வண்டிகளில் சரசவி உயன நிலையத்தில் நிற்பது கிடைத்தால் வளாகம் பக்கம். பின்னேரம் தொடங்கும் விரிவுரை என்றால் திரும்பி வர இருட்டிவிடும், தோட்டத்துக்குள் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது. பெண் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் இதுதான் முதல் கேள்வியாக வரும், அது நியாயமான கேள்வி. காலை அமர்வுகளைத் தேர்ந்தெடுங்கள், நாலைந்து பேராகப் போங்கள். வேலை நாளில் வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்பதால் வேலை செய்பவர்களுக்கு சனிக்கிழமை அமர்வுகள் வசதி. சூம் இணைப்பு போட்டிருந்தால் தோட்டத்து வாசிகசாலையிலோ பாடசாலையிலோ ஒரு திரையில் போட்டுப் பத்துப் பேராகச் சேர்ந்து பார்க்கலாம். கேள்வியை அரட்டைப் பெட்டியில் தமிழிலேயே எழுதலாம்.

பேராதனை மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். கண்டி ஹந்தானையில் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, விஞ்ஞானத் தலைப்புகளுக்கு அதன் அறிவித்தல்களைப் பாருங்கள். பதுளைப் பக்கத்தவர்களுக்கு ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் கிட்ட. 2005இல் தொடங்கியது, தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டமே தருகிறார்கள். தலவாக்கலை சென்கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இலிருந்து இயங்குகிறது. நம்மில் எத்தனையோ பேர் அதன் வாசலைக் கடந்து தினம் பஸ்ஸில் போகிறோம்.

ஒக்டோபர், நவம்பர் மழைக்கு முன்னால் மண்சரிவு, காலநிலை பற்றிய பேச்சுகள் வழமையாகவே கூடும். பொறியியற் பீடம், விவசாய பீடம், புவியியல் துறை, புவிச்சரிதவியல் துறை ஆகியவற்றின் பக்கங்களை இப்போதே பின்தொடருங்கள். மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வர விருப்பமுள்ள இன்னும் சிலர் இருந்தால் கீழே எழுதுங்கள், அடுத்த முறை நாங்கள் போகும்போது ஹட்டனில் சேர்ந்துகொள்ளலாம்.