எலியின் கல்லீரலைக் காத்த மூலிகை நம் கல்லீரலையும் காக்குமா?

அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மூலிகை கல்லீரலைக் காக்கிறதா என்று சோதிக்கும் ஆய்வுகளில் எலிக்கு நோய் தானாக வருவதில்லை. கார்பன் டெட்ராகுளோரைடு என்ற ரசாயனமோ அளவுமீறிய பாராசிட்டமாலோ கொடுத்துக் கல்லீரலைக் கெடுக்கிறார்கள். பல ஆய்வுகளில் அதற்குச் சில நாள் முன்பே கீழாநெல்லி மாதிரி ஒரு மூலிகையின் சாற்றைக் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் கூடும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற நொதிகளை அளந்து, கல்லீரலை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

சிக்கல் இங்கேதான். கார்பன் டெட்ராகுளோரைடைக் கடும் நஞ்சாக மாற்றுவதே கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான். மூலிகை அந்த நொதியை முடக்கினாலே பாதிப்பு குறைந்துவிடும். எண்கள் அழகாக வரும். ஆனால் கெட்ட கல்லீரல் குணமாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. வைரஸால் காமாலை வந்தவரின் நிலை முற்றிலும் வேறு.

அளவையும் பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால், மனிதருக்கான அளவைப் பெற, உடல்பரப்புக் கணக்கில் அதைச் சுமார் 6 ஆல் வகுக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினமும் ஏறக்குறைய 2 கிராம் வரும். அதுவும் வடித்து உலர்த்திய சாறு, பச்சை இலை அல்ல.

சரி, மூலிகைதானே, கெடுதல் என்ன என்றால், ஆடுதின்னாப்பாளை இனச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தையே அழிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும்.