கனடாவில் முதல் வங்கிக் கணக்கு: கேள்வி பதில்

கனடாவுக்கு வந்து சில வாரங்களோ மாதங்களோ ஆனவர்கள் கேட்டவை இவை. யாருடைய கேள்வி என்று தெரியாதபடி விவரங்களை எடுத்துவிட்டேன்.

அகதிக் கோரிக்கை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் குடிவரவுத் துறையிடம் இருக்கிறது, வேலையும் இன்னும் இல்லை. ஸ்காபரோவில் ஒரு வங்கிக்குப் போனேன். பாஸ்போர்ட்டும் வேலைக் கடிதமும் கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணக்குத் திறக்கவே முடியாதா?

முடியும். வேலை இல்லை, போடக் காசு இல்லை, முன்பு திவாலானவர் என்ற காரணங்களைச் சொல்லி ஒரு வங்கி உங்களுக்குத் தனிநபர் கணக்கை மறுக்கக் கூடாது. கனடாவின் வங்கிச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆகவே வேலைக் கடிதம் கேட்டது தப்பு.

ஆள் யார் என்று உறுதிப்படுத்தச் சொல்வது சரி. ஆனால் அதற்குப் பாஸ்போர்ட்தான் வேண்டும் என்றில்லை. கோரிக்கையாளர் என்று காட்டும், உங்கள் படம் போட்ட அந்த அரசாங்கத் தாளை (நம்மவர்கள் 'பிரவுன் பேப்பர்' என்று சொல்வது) எடுத்துப் போங்கள். பெயரும் முகவரியும் உள்ள இன்னொரு அரசாங்கக் கடிதம் இருந்தால் அதையும் வையுங்கள். பெயரும் பிறந்த தேதியும் உள்ள ஒரே ஒரு ஆவணம்தான் இருக்கிறதா? அந்த வங்கியில் ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் கூட வந்து 'இவரை எனக்குத் தெரியும்' என்று உறுதி சொன்னால், அதற்கும் விதியில் இடம் உண்டு. கோவில், சர்ச், தமிழ்ச் சங்கம் என்று எங்காவது இரண்டு பேரைத் தெரிந்துவைத்திருப்பது இப்படியும் உதவும்.

இன்னொன்று: பின்னாளில் ஒன்ராறியோ ஹெல்த் கார்ட் கிடைத்தாலும் அதை வங்கியில் அடையாளமாக நீட்டாதீர்கள். வங்கி அதை வாங்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் மறுத்தால், சண்டை வேண்டாம். "மறுப்பதை எழுத்தில் தாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். மறுக்கும் வங்கி அதை எழுதித் தர வேண்டும்; கனடா நிதி நுகர்வோர் முகமையிடம் முறையிடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அதைக் கேட்டதுமே பல இடங்களில் மேலாளர் வெளியே வந்துவிடுவார்.

சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் அரசாங்கம் தரும் எண்) இன்னும் வரவில்லை. அதுவரை சம்பளத்தைத் தன் கணக்கில் போடச் சொல்கிறார் மாமா. இல்லாவிட்டால் இருவர் பெயரிலும் ஒரு கணக்கு திறக்கலாம் என்கிறார்.

இரண்டும் வேண்டாம். கணக்குத் திறப்பதற்கு சின் நம்பர் ஒரு நிபந்தனை இல்லை. வட்டி தரும் கணக்கு என்றால் வரிக்காகக் கேட்பார்கள். சாதாரண செக்கிங் கணக்கை அது இல்லாமலே திறக்கலாம். ஆனால் வேலை தொடங்கி 3 நாளுக்குள் முதலாளியிடம் அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். ஆகவே முதலில் அதைத் தரும் அரசாங்க அலுவலகமான சர்வீஸ் கனடாவுக்குப் போங்கள். இலவசம்தான். யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

மாமா தங்கமான மனிதராகவே இருக்கட்டும். கூட்டுக் கணக்கில் இருவரில் யாரும் முழுத் தொகையையும் எடுக்கலாம். அவருக்குக் கடன் பிரச்சினை வந்தால் உங்கள் சம்பளமும் அதில் மாட்டிக்கொள்ளும். நாளைக்கு வாடகைக்கு வீடு பார்க்கும்போது உங்கள் பெயரில் சம்பளம் விழும் கணக்கைத்தான் வீட்டுக்காரர் பார்க்க விரும்புவார்.

ஊரில் காணி விற்ற காசு இருக்கிறது. 10,000 டாலருக்கு மேல் வந்தால் வரி பிடிப்பார்களா? 9,000 ஆகப் பிரித்து அனுப்பலாமா, உண்டியலில் (வங்கி வழியாக இல்லாமல் இடையாட்கள் மூலம்) போடலாமா?

உங்கள் சொந்தக் காசைக் கொண்டுவருவதற்கு வரி இல்லை. கையில் 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ எடுத்து வந்தால் எல்லையில் அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அறிவிக்காமல் வந்தால்தான் பறிமுதல், அபராதம் எல்லாம். வங்கி வழியாக வந்தால், அதே அளவு தொகையை வங்கியே ஃபின்ட்ராக் என்ற, கள்ளப் பணத்தைக் கண்காணிக்கும் அரசாங்க அமைப்புக்குத் தெரிவித்துவிடும். நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை.

பிரித்து அனுப்புவதுதான் வில்லங்கம். 24 மணி நேரத்துக்குள் வரும் தொகைகளைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். நாள் தள்ளி அனுப்பினாலும், ஒளிக்கப் பார்க்கிறார் என்ற சந்தேகம் வரும். நேர்மையான காசுக்கு எதற்கு இந்தக் கள்ளத்தனம்? காணி உறுதியின் பிரதியையும் விற்ற பணம் வங்கியில் விழுந்த பதிவையும் கையில் வைத்திருங்கள். உண்டியலில் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்: உங்கள் கணக்கில் காசு போடுபவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது, வங்கி கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நீங்கள் இங்கே வந்த பிறகு காணியை விற்றிருந்தால், வந்த நாளிலிருந்து கூடிய மதிப்புக்கு வரிக் கணக்கு உண்டு. அதைக் கணக்காளரிடம் கேளுங்கள்.

மாணவி நான். ஜிஐசி (படிப்பு அனுமதிக்காகக் கனடிய வங்கியில் முன்கூட்டியே கட்டும் வைப்புத் தொகை) கட்டிவிட்டேன். இறங்கியதும் முழுக் காசையும் எடுக்கலாமா?

முடியாது. கிளையில் பாஸ்போர்ட், படிப்பு அனுமதி காட்டிய பிறகு ஒரு பகுதி கிடைக்கும், மீதி மாதாமாதம் வரும். முதல் மாத வாடகைக்கும் முன்பணத்துக்கும் தனியாகக் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் கட்டணமே இல்லை. இப்போது மாதம் 17 டாலர் வெட்டுகிறார்கள்!

புதிதாக வந்தவர்களுக்கான சலுகை முடிந்திருக்கும். குறைந்த கட்டணக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். பெரிய வங்கிகள் எல்லாவற்றிலும் அது உண்டு, மாதம் 4 டாலருக்கு மேல் போகாது. அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். முழுநேர மாணவர் என்றால் அதுவும் கட்ட வேண்டாம்.

கூட வேலை செய்பவரின் நண்பர் 2,800 டாலருக்கு ஒரு செக் தந்தார். என் கணக்கில் போட்டு, 300-ஐ வைத்துக்கொண்டு மீதியை இ-ட்ரான்ஸ்ஃபர் பண்ணச் சொல்கிறார். கணக்கில் காசு ஏறிவிட்டது. அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். காசு ஏறியது போலத் தெரிவது வங்கி நம்பிக்கையில் முன்கூட்டிக் காட்டும் தொகை. செக் போலியென்று தெரியவரச் சில நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அப்போது 2,800-ஐயும் உங்கள் கணக்கிலிருந்து கழிப்பார்கள். அனுப்பிய 2,500 உங்கள் தலையில்தான் விழும். நண்பரின் நண்பர் போனை எடுக்க மாட்டார்.

இந்த வலையைப் புதிதாக வந்தவர்களுக்கென்றே விரிக்கிறார்கள். முதல் பதிலில் சொன்ன உரிமைக்கு ஒரு விலக்கு உண்டு: கணக்கை மோசடிக்குப் பயன்படுத்துவீர்கள் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் வங்கி மறுக்கலாம். இப்படி ஒரு செக்கில் பெயர் கெட்டால் அடுத்த வங்கியிலும் கதவு மூடலாம். கார்டையும் பின் நம்பரையும் 'இரண்டு நாளைக்குத் தா' என்று கேட்பவரும் இதே ரகம்.

இன்றே கிளைக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அவர் அனுப்பிய மெசேஜ்களை அழிக்காதீர்கள். பின் நம்பரையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, கனடா மோசடித் தடுப்பு மையத்திலும் பதிந்துவிடுங்கள். கூட வேலை செய்பவரிடம் இதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். அவரும் ஏமாந்தவராக இருக்கலாம்.