குறி தப்பாத குண்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போரைப் பற்றியே இருந்ததால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: இன்றைய ஏவுகணை குறிப்பிட்ட ஒரு சன்னலுக்குள் நுழையும் அளவுக்குத் துல்லியமானது என்கிறார்கள். அப்படியானால் பொதுமக்கள் சாவது குறைந்திருக்க வேண்டுமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை

பதில்: குண்டு எங்கே விழும் என்பதைத்தான் துல்லியம் உறுதிசெய்கிறது, அங்கே யார் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. 1991 பிப்ரவரி 13 அன்று அதிகாலையில், பாக்தாத் நகரின் அமிரியா பகுதியிலிருந்த ஒரு பதுங்கிடத்தின் மீது அமெரிக்க விமானங்கள் லேசரால் வழிநடத்தப்படும் இரண்டு குண்டுகளைப் போட்டன. முதல் குண்டு கான்கிரீட் கூரையைத் துளைத்தது. இரண்டாவது அந்தத் துளை வழியாகவே உள்ளே இறங்கியது. படைத் தலைமையகம் என்று கருதித் தாக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்குள் உறங்கிக்கொண்டிருந்த பொதுமக்கள் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குண்டு குறி தப்பவே இல்லை.

2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் நடந்ததும் இதே வகைதான். அமெரிக்க ட்ரோனின் கேமரா ஒரு வெள்ளைக் காரைப் பல மணி நேரம் பின்தொடர்ந்தது. அதில் ஏற்றப்பட்ட தண்ணீர் கேன்கள், வானிலிருந்து பார்த்தவர்களுக்கு வெடிபொருளாகத் தெரிந்தன. காரை ஓட்டியவர் ஒரு தொண்டு நிறுவன ஊழியர். கார் அவருடைய வீட்டு முற்றத்துக்குள் வந்து நின்றபோது ஏவுகணை விழுந்து 10 பேர் இறந்தனர். அவர்களில் 7 பேர் குழந்தைகள். முதலில் தன் தாக்குதலைச் சரியென்று சொன்ன ராணுவம், செய்தியாளர்கள் துருவிய பிறகு, செப்டம்பர் 17 அன்று அது தவறு என்று ஒப்புக்கொண்டது.

குண்டின் பருமனையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். சுமார் 900 கிலோ எடையுள்ள ஒரு குண்டு, வைத்த குறியில் இம்மியும் பிசகாமல் விழுந்தாலும், அதன் சில்லுகள் சில நூறு மீட்டர் வரை பறந்து உயிரைப் பறிக்கும். உங்கள் தக்கலை பேருந்து நிலையத்தைச் சுற்றி அந்த அளவுக்கு ஒரு வட்டம் போட்டால், எத்தனை வீடுகளும் கடைகளும் வகுப்பறைகளும் அதற்குள் வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. துல்லியம் கூடியதால் ஊருக்கு நடுவே குண்டு போடலாம் என்கிற துணிவும் கூடிவிட்டது என்றே நான் நினைக்கிறேன். உக்ரைனில் நிலைமை இன்னும் ஒரு படி கீழே போயிருக்கிறது. 2025 ஜனவரியில் அங்கே பொதுமக்களை அதிகமாகக் கொன்றதும் காயப்படுத்தியதும் குறுந்தூர ட்ரோன்கள்தான் என்று ஐ.நா. மனித உரிமைக் கண்காணிப்புக் குழு பதிவு செய்தது. அந்த ட்ரோனை இயக்குபவர் எதிரே போகிறவரைத் திரையில் பார்த்துக்கொண்டேதான் அதை ஏவுகிறார். ஆள் யாரென்று தெரியவில்லை என்ற சமாதானத்துக்குக்கூட அங்கே இடமில்லை.

கேள்வி: என் மகன் ஈரானில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறான். 2025 ஜூனில் அங்கே சண்டை நடந்த நாள்களில் அவனுக்குப் போன் கிடைக்கவே இல்லை. படகு கடலுக்குப் போகாததால் அவனுக்குப் பங்கும் இல்லை. அவனை அனுப்ப வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஏறியது. அவன் இருந்த ஊரில் குண்டு விழவில்லை. எங்களையெல்லாம் போரின் கணக்கில் சேர்ப்பார்களா ஐயா?
– ஒரு தாய், முட்டம்

பதில்: சேர்ப்பதில்லை, அம்மா. ஜூன் 13 முதல் 24 வரை இஸ்ரேலும் ஈரானும் நடத்திய அந்தப் போரில் இறந்தவர்களையும் இடிந்த கட்டடங்களையும் எண்ணினார்கள். தொழில் நின்று கரையில் கட்டிக்கிடந்த படகுகளை யாரும் எண்ணவில்லை. இந்திய அரசு ‘ஆபரேஷன் சிந்து’ என்ற பெயரில் நம் மக்களை ஆர்மீனியா, துர்க்மெனிஸ்தான் எல்லைகள் வழியாகவும் மஷ்ஹத் நகரிலிருந்து விமானம் மூலமாகவும் அழைத்து வந்தது. அது நல்ல காரியம். ஆனால் ஈரானின் தென்கடலோரத்தில் இருந்தவர்களுக்கு அந்த எல்லைகள் நாட்டின் மறுமுனை. வான்வழி மூடப்பட்டு, இணையமும் பெருமளவில் துண்டிக்கப்பட்டிருந்த வேளையில், கையில் காசில்லாத ஒருவர் அவ்வளவு தூரம் எப்படிப் போய்ச் சேர்வது? குளச்சல் முதல் நீரோடி வரை பல வீடுகளில் அந்த நாள்களில் சரியாகச் சமைத்திருக்க மாட்டார்கள் என்பதை இந்தக் கடலோரத்தை அறிந்த எவரும் உணர்வார்கள்.

போரிடும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் உயிரையே கொடுத்ததும் உண்டு. 2024 மார்ச் 6 அன்று ஏடன் வளைகுடாவில் ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ என்ற சரக்குக் கப்பலை யேமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினரின் ஏவுகணை தாக்கியது. இறந்த மூவரில் இருவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். ஒருவர் வியட்நாம் நாட்டவர். மீதமிருந்தவர்களை நம் கடற்படையின் ஐ.என்.எஸ். கொல்கத்தா மீட்டது. சம்பளத்துக்காகக் கப்பல் ஏறியவர்களுக்கு அந்தச் சண்டையில் என்ன பங்கு?

யேமனைப் பற்றி ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2021-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் போரால் ஏற்பட்டிருக்கும் இறப்புகள் 377,000 என்றும், அவற்றில் ஏறத்தாழ 60 விழுக்காடு குண்டாலோ துப்பாக்கியாலோ அல்லாமல் பசியாலும் நோயாலும் கெட்ட தண்ணீராலும் நேர்ந்தவை என்றும் அது கூறியது. உங்கள் கேள்விக்கு நெருக்கமான கணக்கு இதுதான். மின்நிலையம் தாக்கப்பட்டால் தண்ணீர் இறைக்க முடியாது. தண்ணீர் கெட்டால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மருத்துவமனைக்குப் போனால் அங்கே மருந்து இல்லை. அந்தக் குழந்தையின் இறப்புச் சான்றிதழில் போர் என்று எழுத மாட்டார்கள். உங்கள் வீட்டுக் கடன் எந்த ஏட்டிலும் ஏறாமல் போவதும் இந்தப் பழக்கத்தால்தான்.

கேள்வி: புறநானூற்றின் 9-ஆம் பாடலில், பெண்களும் நோயாளிகளும் பிள்ளைப்பேறு இல்லாதவர்களும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று அறிவித்துவிட்டே அம்பு விட்டதாக வருகிறது. அன்றைய போரில் அறம் இருந்தது என்று சொல்லலாமா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: அந்தப் பாடலைப் படித்த கையோடு 16-ஆம் பாடலையும் படியுங்கள். எதிரியின் விளைந்த வயலைக் கவர்ந்து, வீட்டு மரங்களை விறகாக்கி, காவலுள்ள நீர்த்துறையில் யானைகளை இறக்கி, ஊரைக் கொளுத்தியதை அது புகழ்ந்து பேசுகிறது. உணவையும் நீரையும் குறிவைப்பது இன்றைக்கு முளைத்த வழக்கமல்ல. 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றதற்குக் குளச்சலில் தூண் நிற்கிறது. அதற்கு முன் டச்சுப் படை சூறையாடிய கடலோர ஊர்களின் மக்களுக்கு எந்தத் தூணும் இல்லை.

ஆனாலும் 9-ஆம் பாடலில் ஓர் அடிப்படை இருக்கிறது. போகச் சொல்கிறவன், போய்ச் சேர ஓர் அரண் உண்டு என்பதையும் ஏற்கிறான். 2009-இல் வன்னியில் இலங்கை அரசு தாக்குதலற்ற வலயம் என்று அறிவித்த இடங்களில் மக்கள் போய்க் குவிந்தார்கள். அந்த இடங்களின் மீதே எறிகணைகள் விழுந்தன. அந்தப் போரின் இறுதிக்கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் கூறியது. நம் குமரி மாவட்டத்தின் பெருமாள்புரம் அகதிகள் முகாமில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு இதை யாரும் புள்ளிவிவரமாக விளக்க வேண்டியதில்லை. காசாவிலும் இஸ்ரேல் படையினர் துண்டறிக்கை போட்டு இடம்பெயரச் சொன்னார்கள். போன இடத்திலும் குண்டு விழுந்தது.

கேள்வி: கூடங்குளம் எங்களுக்கு மிக அருகில் உள்ளது. போர் வந்தால் என்ன ஆகும்?
– அஞ்சுகிராமம் வாசகர்

பதில்: அணுநிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் செய்தன. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் தங்கள் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. உறவு மிக மோசமான ஆண்டுகளிலும் இது நிற்கவில்லை. ஆனால் உக்ரைனின் சப்போரிஷியா அணுநிலையத்தை 2022 மார்ச் மாதம் ரஷ்யப் படை பிடித்தது. அங்குள்ள 6 உலைகளும் கூடங்குளத்தில் இயங்கும் 2 உலைகளும் ரஷ்யாவின் ஒரே குடும்பத்து வடிவமைப்பு. உலை நிறுத்தப்பட்ட பின்னும் அதைக் குளிர்விக்க மின்சாரம் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால், மின்கம்பி அறுந்தாலே அங்கே ஆபத்து தொடங்கிவிடுகிறது.

கேள்வி: எதிரி நாட்டு மக்களுக்காக இரங்கிப் பேசினால் தேசத்துரோகி என்கிறார்கள். சாதாரணக் குடிமகன் போரைப் பற்றி என்னதான் பேசலாம்?
– வியாபாரி, மார்த்தாண்டம்

பதில்: தாராளமாகப் பேசலாம். 2025 மே மாதம் பாகிஸ்தானின் பீரங்கித் தாக்குதலில் பூஞ்ச் பகுதியில் நம் பொதுமக்கள் இறந்தபோது நாம் எதைக் கொடுமை என்றோமோ, அது எல்லைக்கு அப்பாலும் கொடுமைதான். நம் படைவீரரை மதிப்பதற்கும் இதற்கும் முரண்பாடு கிடையாது. மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் வெடிகுண்டுகளைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் ஓர் அரசியல் பிரகடனத்தை 2022 நவம்பர் மாதம் டப்ளினில் 80-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றன. அந்தப் பட்டியலில் அன்று இந்தியாவின் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.