பேக்யார்ட்ல டெர்பி பார்ட்டி: ரெண்டு நிமிஷ ரேஸுக்கு எப்படி தயாராகுறது?

கேள்வி: நாங்க ஓஹையோல சின்சினாட்டி பக்கம் இருக்கோம். மே மாசம் முதல் சனிக்கிழமை கென்டக்கி டெர்பிங்கிற குதிரைப் பந்தயம் நடக்கிற அன்னைக்கு எங்க பேக்யார்ட்ல பார்ட்டி வைக்கலாம்னு ஆசை. பக்கத்து வீட்டுக்காரங்க, ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ், நம்ம ஆளுங்கன்னு 30 பேர் வருவாங்க, அதுல 10 பேர் குழந்தைங்க. பாதி பேர் சைவம். ஊர்ல இருந்து மாமியாரும் மாமனாரும் வந்திருக்காங்க. யாருக்குமே குதிரைப் பந்தயம் பத்தி தெரியாது, காசு வச்சு ஆடவும் விருப்பமில்ல. எப்படி நடத்துறது?

பதில்: அருமையான யோசனைங்க, ரேஸ் நடக்கிற லூயிவில் உங்க ஊர்ல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள போற தூரம்தான், அதனால உங்க பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு இது நல்லா பழகின கொண்டாட்டமா இருக்கும்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. ரேஸ் மொத்தமே ரெண்டு நிமிஷம்தான். ஒண்ணேகால் மைல், எல்லாமே மூணு வயசு குதிரைங்க, அதிகபட்சம் 20 ஓடும். 1973-ல செக்ரட்டேரியட்ங்கிற குதிரை எடுத்த 1 நிமிஷம் 59.40 செகண்ட்தான் இன்னைக்கும் ரெக்கார்டு. மூணு மணிக்கு வர்ற கெஸ்ட் ஏழு மணி வரைக்கும் காத்திருந்து அந்த ரெண்டு நிமிஷத்துல நாற்காலியை விட்டு எழுந்து கத்தணும்னா, அவங்களுக்குன்னு ஒரு குதிரை இருக்கணும். என்னைக் கேட்டா அலங்காரத்துக்கு போடுற உழைப்புல பாதியை இதுக்கு போடுங்க.

வழி ரொம்ப சிம்பிள். குதிரை பேர் எல்லாம் துண்டு சீட்டுல எழுதி ஒரு தொப்பிக்குள்ள போட்டு குலுக்குங்க. 30 பேர் 20 குதிரைன்னா ஒரு சின்னக் குழந்தைக்கும் ஒரு பெரியவங்களுக்கும் சேர்த்து ஒரு குதிரை கொடுங்க, உங்க மாமனாரும் பக்கத்து வீட்டுப் பையனும் ஒரே குதிரைக்கு கத்தினா அதுக்கப்புறம் அவங்களுக்குள்ள பாஷையே தடையா இருக்காது. ஆனா சீட்டை பந்தயத்தன்னைக்குத்தான் எழுதணும், முந்தின வாரமே பிரிண்ட் எடுத்து வச்சுடாதீங்க, ஏன்னா கடைசி நேரத்துல குதிரைங்க விலகும், வேற குதிரை உள்ள வரும். 2022-ல ரிச் ஸ்ட்ரைக் அப்படித்தான் முந்தின நாள் இன்னொரு குதிரை விலகினதால இடம் கிடைச்சு வந்துச்சு, ஒரு டாலர் கட்டினா 80 டாலர்னு (80-க்கு 1) யாருமே சீண்டாத குதிரை, அதுதான் ஜெயிச்சுது. மோசமான குதிரை வந்துடுச்சேன்னு யாராவது மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா இந்தக் கதையை சொல்லுங்க.

பணம் வேண்டாம்னு நீங்க சொன்னது சரியான முடிவு, வீட்டுல காசு வசூல் பண்ணி ஆடுறதுக்கு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், குழந்தைங்க வேற இருக்காங்க. முதல் மூணு இடத்துக்கு சின்ன பரிசு, கடைசியா வர்ற குதிரைக்கும் ஒரு பரிசு, அவ்வளவுதான். ஜெயிச்சவங்களுக்கு சிவப்பு ரோஜா கொடுங்க, டெர்பியில ஜெயிக்கிற குதிரைக்கு 400-க்கு மேல ரோஜா வச்சு தச்ச பெரிய மாலை போடுறாங்க, அதனால இந்த ரேஸுக்கு ரோஜாதான் அடையாளம்.

அடுத்தது டிவி. இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பேக்யார்டுன்னதும் ப்ரொஜெக்டர், வெள்ளை ஸ்க்ரீன்னு ப்ளான் போடுறாங்க, ஆனா ரேஸ் ஆரம்பிக்கிறது ஏழு மணிக்கு கொஞ்சம் முன்னாடி, உங்க ஊர்ல மே மாசம் எட்டரை வரைக்கும் சூரியன் இருக்கும், ஸ்க்ரீன்ல ஒண்ணுமே தெரியாது. நல்ல டிவியை கராஜ் வாசல்லயோ கூரை போட்ட பேட்டியோலயோ வையுங்க, மேற்கு வெயில் ஸ்க்ரீன்ல நேரா அடிக்காத மாதிரி திருப்பி வையுங்க. ரேஸைக் காட்டுற என்பிசி சேனல் சாதாரண ஆன்டெனாலயே வரும், முடிஞ்சா அதுலயே பாருங்க. ஆப்ல ஸ்ட்ரீம் பண்ணா லேட்டா வரும், பக்கத்து வீட்டுல கத்துறது கேட்டே உங்களுக்கு ரிசல்ட் தெரிஞ்சுடும். ஆறரைக்கு சாப்பாடு, கேம் எல்லாத்தையும் நிறுத்திட்டு எல்லாரையும் டிவி முன்னாடி கூட்டிடுங்க. குதிரைங்க ட்ராக்குக்கு வர்றது, பியூகிள்ங்கிற ஊதுகுழல் ஊதுறது, எல்லாரும் சேர்ந்து பாடுறது எல்லாம் அந்த நேரத்துலதான் வரும், அதைப் பார்க்காம நேரா ரேஸ் மட்டும் பார்த்தா சாரமே போயிடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். சைவம்னு கவலையே படாதீங்க, லூயிவில் ஊரோட சொந்த ஐட்டமே சைவம்தான். பெனடிக்டைன்னு பேரு, வெள்ளரிக்காய துருவி தண்ணிய நல்லா பிழிஞ்சுட்டு க்ரீம் சீஸ், கொஞ்சம் வெங்காயச் சாறு, உப்பு சேர்த்து ப்ரெட்ல தடவுறது. கலவையை முந்தின நாளே செஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுடலாம், ஆனா ப்ரெட்ல தடவுறது பரிமாறுறதுக்கு முன்னாடிதான், இல்லன்னா நமத்துப் போயிடும். ஓரத்தை வெட்டிட்டா பெரியவங்களும் விரும்பி சாப்பிடுவாங்க. அசைவத்துக்கு பர்கூன்னு மணிக்கணக்கா கொதிக்கிற ஸ்டூ இருக்கு, கறி, சோளம், பீன்ஸ், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் போட்டு செய்வாங்க, கென்டக்கியில ஓவன்ஸ்பரோ பக்கம் மட்டன்லயே செய்றாங்க, நம்ம ஆளுங்களுக்கு அது கண்டிப்பா பிடிக்கும். கறி இல்லாம வெண்டைக்காய் போட்டு தனிப் பாத்திரத்துல ஒண்ணு செஞ்சுடுங்க, கரண்டியும் தனி. ஸ்வீட்டுக்கு சாக்லேட் வால்நட் பை, கடையில வாங்கினா போர்பன் விஸ்கி கலந்திருக்கான்னு லேபிளைப் பாருங்க.

குடிக்க மின்ட் ஜூலெப்: போர்பன், சர்க்கரைப் பாகு, புதினா, நொறுக்கின ஐஸ். புதினாவை இடிக்காதீங்க, கசந்துடும், லேசா அழுத்தினா போதும். குடிக்காதவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் அதே புதினாப் பாகுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சோடா ஊத்திக் கொடுங்க. ரெண்டும் பார்க்க ஒண்ணு போலவே இருக்கும், அதனால கப் கலரை மாத்தியே ஆகணும், போர்பன் இருக்கிற ஜக்கை பிள்ளைங்க கைக்கு எட்டாத மேஜையில வையுங்க. இதுல மட்டும் அசால்ட்டா இருக்காதீங்க.

தொப்பி டெர்பியோட பெரிய வழக்கம். உங்க மாமியார் தொப்பி போட மாட்டேன்னா வற்புறுத்தாதீங்க, தலையில ரெண்டு சிவப்பு ரோஜா வச்சாலே அன்னைக்கு அவங்கதான் பொருத்தமான ஆளு. ஹீல்ஸ் புல்லுல இறங்கும்னு வர்றவங்களுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. பிள்ளைங்களுக்கு பழைய டி-ஷர்ட்டும் பெயின்ட்டும் கொடுத்து ஜாக்கி (குதிரை ஓட்டுறவர்) சட்டை செய்ய விடுங்க, ஒவ்வொரு குதிரை ஓனருக்கும் தனி கலர், டிசைன் உண்டு, செக்ரட்டேரியட்டுக்கு நீலமும் வெள்ளையும் கட்டம் போட்டது. அதைப் போட்டுக்கிட்டு பூல் நூடுல்ல (நீச்சல் குளத்துல மிதக்கிற நீளமான ஃபோம் குழாய்) செஞ்ச குதிரை ரேஸ், எலுமிச்சம்பழ ஸ்பூன் ரேஸ்னு அஞ்சு மணிக்கு விட்டீங்கன்னா ஆறரைக்கு களைச்சுப்போய் தானா உட்காருவாங்க.

ஒரு விஷயம் மனசு கஷ்டமா இருந்தாலும் சொல்லணும். குதிரைங்களுக்கு அடிபடுறதும் உண்டு. 2008-ல எய்ட் பெல்ஸ்ங்கிற பெண் குதிரை ரெண்டாவதா வந்து, முடிவுக் கோட்டைத் தாண்டினதும் கால் உடைஞ்சு அங்கயே கருணைக்கொலை செய்ய வேண்டி வந்துச்சு. அப்படி ஏதாவது நடந்தா ரிமோட் கையில இருக்கிற ஆள் உடனே சேனலை மாத்தணும், பிள்ளைங்க கேட்டா மறைக்காம குதிரைக்கு அடிபட்டுடுச்சுன்னு சொல்லிடுங்க, அந்தக் குழந்தையோட குதிரையா இருந்தா கூடவே உட்காருங்க.

பரிசை உடனே கொடுத்துடாதீங்க! 2019-ல முதல்ல வந்த மேக்ஸிமம் செக்யூரிட்டி மத்த குதிரைங்களுக்கு குறுக்கே வந்துச்சுன்னு 20 நிமிஷத்துக்கு மேல ரீப்ளே பார்த்து தகுதி நீக்கம் பண்ணி, கன்ட்ரி ஹவுஸுக்கு வெற்றியைக் கொடுத்தாங்க. ஸ்க்ரீன்ல ரிசல்ட் அஃபிஷியல்னு வர்ற வரைக்கும் ரோஜா உங்க கையிலயே இருக்கட்டும்.

மழை பெஞ்சாலும் டெர்பி நடக்கும், 2018-ல ஜஸ்டிஃபை சேத்துலதான் ஓடி ஜெயிச்சுது. அதனால கராஜை முந்தின நாளே காலி பண்ணி பெருக்கி வச்சுடுங்க, கார் ரெண்டையும் தெருவுல விட்டுடலாம்.