பாலம் தாண்டிப் போனதில் பல் பயம் போய்விட்டது. மீதி வேலையையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது, சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். தொடக்கப்பள்ளியில் படித்தபோது வகுப்பு நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பள்ளிக்குள்ளேயே இருந்த பல் அறைக்கு அழைத்துப் போவார்கள். ஒருமுறை நான் திமிற, தாதி என் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து பல் மருத்துவர் என்றாலே கைகால் சில்லிட்டுவிடும். நான்கு வருடங்களுக்கு முன் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக் ஒன்றில் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டும் மரத்துப்போகவில்லை. சொன்னால், "அது வலியில்லை, வெறும் அழுத்தம்" என்றார்கள். நெஞ்சு படபடவென்று அடிக்க, பாதியில் எழுந்து வந்துவிட்டேன். ஊசி எனக்கு அலர்ஜி என்று அன்றே முடிவு செய்தேன்.

போன மாதம் அதே பல்லில் இரண்டு இரவு தூக்கமில்லை. மகள் பிடிவாதமாகப் பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குக் கூட்டிப்போனாள். தமிழ் பேசும் மருத்துவர். எக்ஸ்ரே எடுத்துவிட்டு அரைமணி நேரம் பேசினார். "இன்றைக்கு வலியை மட்டும் நிறுத்துவோம், மற்றதைப் பிறகு பார்ப்போம். இடது கையைத் தூக்கினால் நான் நிறுத்திவிடுவேன்" என்றார். மூன்று தடவை தூக்கினேன், மூன்று தடவையும் நிறுத்தினார். பல் வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கெனால் மூன்று வருகையில் முடிந்தது, 1,200 ரிங்கிட். இத்தனை வருடப் பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. இனி அந்தப் பல் மேல் மூடி போல கிரவுன் போடவேண்டும். மேலே இரண்டு பல் இல்லாத இடத்தில் இம்பிளான்ட்டும் வைக்கலாம் என்கிறார். எல்லாவற்றையும் அங்கேயே செய்யலாமா? இரத்த அழுத்த மாத்திரை, ஆஸ்பிரின், வாரம் ஒருமுறை எலும்புத் தேய்வுக்கு ஒரு மாத்திரை எடுக்கிறேன். ஊசி போடும் நாளில் வெறும் வயிற்றோடு போகவேண்டுமா?

மருத்துவர் பதில்: நானும் சிங்கப்பூரில்தான் கிளினிக் வைத்திருக்கிறேன். பாலத்தைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாம் எனக்கு வரவேண்டிய வருமானம். அதை மனதில் வைத்துக்கொண்டே இந்தப் பதிலைப் படியுங்கள். உங்கள் கடிதம் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் கொடுத்தது.

முதலில் அந்த அலர்ஜி. உங்களுக்கு அலர்ஜி இல்லை என்றுதான் நினைக்கிறேன். பல்லுக்குப் போடும் மரப்பு ஊசியில் லிக்னோகேயின் என்ற மரப்பு மருந்து மட்டும் இருப்பதில்லை, கூடவே கடுகளவு அட்ரினலினும் இருக்கும். மருந்து இரத்தத்தோடு ஓடிவிடாமல் அந்த இடத்திலேயே தங்கவும், மரப்பு நீடிக்கவும் அதைச் சேர்க்கிறோம். அதில் கொஞ்சம் இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். ஏற்கெனவே பயந்திருக்கிற உடம்பு தன் பங்குக்கு அட்ரினலினைச் சுரந்து வைத்திருக்கும், இரண்டும் சேர்ந்துகொள்ளும். உண்மையான அலர்ஜி என்றால் தோல் தடிக்கும், அரிக்கும், உதடு வீங்கும், மூச்சு இரைக்கும். லிக்னோகேயினுக்கு அப்படி வருவது மிக மிக அபூர்வம். ஜொகூர் பாருவில் மூன்று வருகையிலும் ஊசி போட்டிருப்பார்கள், ஒன்றும் ஆகவில்லையே. இனி எந்தப் படிவத்திலும் "ஊசி அலர்ஜி" என்று எழுதாதீர்கள். "அட்ரினலின் படபடப்பு வரும், மெதுவாகப் போடவும்" என்று சொல்லுங்கள். இரத்த அழுத்தம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் மருத்துவர் அளவைப் பார்த்துப் போடுவார்.

நான்கு வருடங்களுக்கு முன் மரத்துப்போகவில்லை என்றீர்களே, அதுவும் உங்கள் கற்பனை இல்லை. பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள கூழ் வீங்கிப் பழுத்திருக்கும்போது, குறிப்பாகக் கீழ்க் கடைவாய்ப் பல்லில், வழக்கமான ஊசி பலருக்கு முழுதாகப் பிடிக்காது. உதடு மரத்துத் தொங்கும், பல் மட்டும் விழித்திருக்கும். பல்லைச் சுற்றியுள்ள சவ்வுக்குள் இன்னொரு ஊசி, கன்னப்பக்கம் வேறொரு மருந்து, கடைசியாகக் கூழுக்குள்ளேயே ஒரு சொட்டு என்று அதற்கு வழிகள் உண்டு. நேரம்தான் பிடிக்கும். அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தால் "வெறும் அழுத்தம்" என்று சொல்லிவிடும் சபலம் எங்களுக்கு வரும். எனக்கும் வந்திருக்கிறது.

இங்கேதான் உங்கள் ஜொகூர் பாரு மருத்துவர் மொழியால் ஜெயித்தார் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் நீங்கள் "பெயின்" என்று ஒரே சொல்லைத்தான் சொல்லியிருப்பீர்கள். தமிழில் பல்லுக்கு எத்தனை வலி! ஐஸ் தண்ணீர் பட்டதும் சுருக்கென்று வந்து உடனே போய்விட்டால் அது கூச்சம். பெரும்பாலும் ஈறு இறங்கி வேர் தெரிவதாலோ எனாமல் தேய்ந்ததாலோ வருவது, பற்பசையிலேயே சரியாகலாம். சூடாகக் கோப்பி குடித்து வைத்த பிறகும் ஐந்து நிமிடம் விண்விண்ணென்று தெறித்தால் உள்ளே கூழ் பழுத்துவிட்டது. இரவில் படுத்ததும் குடைகிறது, எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்டமுடியவில்லை, காது வரை இழுக்கிறது என்றால் அதுவும் கூழ்தான். கடித்தால் மட்டும் வலி, பல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது என்றால் நோய் வேர் நுனியைத் தாண்டிவிட்டது. எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே நோயாளி சொல்லும் வினைச்சொல்லை வைத்துப் பாதி நோயைச் சொல்லிவிடலாம். நாற்காலியில் படுத்திருக்கும்போதும் அப்படித்தான். "அழுத்துது" என்றால் தொடரலாம், "கூசுது" என்றால் நிறுத்திவிட்டு இன்னொரு ஊசி.

கையைத் தூக்கினால் நிறுத்துவது பழைய முறை. பல் கல்லூரியில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். நோயாளி முதல் தடவை கை தூக்குவது பெரும்பாலும் வலியால் இல்லை, மருத்துவர் நிஜமாகவே நிறுத்துகிறாரா என்று பார்ப்பதற்காகத்தான். அதில் அவர் தேறிவிட்டால் பிறகு கை தூக்கவேண்டிய அவசியமே குறைந்துவிடும். சின்ன வயதில் உங்கள் தோளை அமுக்கினார்கள். அந்தப் பிள்ளைக்குப் பயம் ஊசியிடமா, எழுந்து போக முடியாததிடமா? 57 வயதில் ஒருவர் மூன்று முறை நிறுத்தினார், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஏற்பாட்டை எந்தக் கிளினிக்கிலும் நீங்களே கேட்டு வாங்கலாம். நாற்காலி சாய்வதற்கு முன், உட்கார்ந்திருக்கும்போதே கேளுங்கள். வாயைத் திறந்த பிறகு யாராலும் பேச முடியாது.

பணமும் ஒரு காரணம், அதை நீங்கள் எழுதவில்லை. இங்கே கடைவாய்ப் பல் ரூட் கெனாலுக்கு எவ்வளவு கேட்டிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பில்லை நினைத்துத் தள்ளிப்போடுவதும் பயத்தை நினைத்துத் தள்ளிப்போடுவதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வளரும்.

உங்கள் பல் வேருக்குள் இப்போது அடைத்திருக்கும் பொருளைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. அதற்குக் கட்டா பெர்ச்சா என்று பெயர், மலாய்ச் சொல். இந்த வட்டாரக் காட்டு மரத்தின் பால்தான் அது. 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட, சிங்கப்பூர்த் துறைமுகம் வழியாகக் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. மரங்களை வெட்டித் தள்ளியே காடுகளைக் காலி செய்தார்கள். தந்தி போய்விட்டது, பல் மருத்துவர்கள் மட்டும் அதை இன்னும் விடவில்லை.

கிரவுன் விஷயத்துக்கு வருகிறேன். அதை அங்கேயே, அவரிடமே, சீக்கிரம் போட்டுக்கொள்ளுங்கள். ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லில் ஏற்கெனவே பாதிச் சுவர் போயிருக்கும். முறுக்கோ எலும்போ கடித்து மீதிச் சுவர் வேர் வரை பிளந்தால் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை, செய்த வேலையெல்லாம் வீண். மாதக் கணக்கில் தள்ளவேண்டாம், சில வாரங்களுக்குள் முடியுங்கள். அதுவரை மறுபக்கம் மெல்லுங்கள். கிரவுனுக்குப் பொதுவாக இரண்டு வருகை போதும். போட்டதும் கடித்துப் பார்த்து, துளி உயரமாகத் தோன்றினாலும் எழுந்திருக்காமல் அங்கேயே சொல்லித் தேய்க்கச் சொல்லுங்கள். "இரண்டு நாளில் பழகிவிடும்" என்று நினைத்து வந்துவிட்டால், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நிற்கும்போதுதான் உறைக்கும்.

இம்பிளான்ட் வேறு கதை. அதில் நான் அவசரப்பட மாட்டேன். டைட்டானிய ஆணியை எலும்பில் வைத்து, எலும்பு அதோடு ஒட்டி வளர மாதங்கள் ஆகும். மேல்தாடையில் எலும்பு மிருதுவானது, மேலே சைனஸ் அறை வேறு பக்கத்தில். மூன்று முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எலும்பு ஒட்டுப் போடவேண்டி வந்தால் இன்னும் கூடும். பல் வைத்த பிறகும் வருடாவருடம் பார்க்கவேண்டும். திருகு தளர்ந்தால் யாராவது இறுக்கவேண்டும். ஒரு கம்பெனி ஆணிக்கு இன்னொரு கம்பெனித் திருப்புளி பெரும்பாலும் பொருந்தாது. அங்கே வைத்த இம்பிளான்ட்டோடு என்னிடம் வந்து "என்ன பிராண்ட் என்று தெரியாது டாக்டர்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரேயில் நிழலைப் பார்த்து நான் துப்பறியவேண்டியிருக்கும். அங்கேயே வைப்பதாக முடிவு செய்தால் பிராண்ட், அளவு, லாட் எண் எழுதிய அட்டையை வாங்காமல் வராதீர்கள்.

விலையை ஒப்பிடும்போது ஒன்றை மறக்காதீர்கள். இங்கே அங்கீகாரம் பெற்ற கிளினிக்கில் இம்பிளான்ட் அறுவைக்கு உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவில் ஒரு பகுதியை எடுக்கலாம், பாலத்துக்கு அந்தப் பக்கம் பல் கிளினிக்கில் அது செல்லாது. இரண்டையும் கழித்துக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் நீங்கள் நினைத்த அளவு இருக்காது, சிலருக்கு இருக்கும். கையிலிருந்து எத்தனை வெள்ளி போகும் என்று இரண்டு இடத்திலும் எழுதி வாங்குங்கள்.

இதைவிட முக்கியம், எலும்புத் தேய்வு மாத்திரை. வாரம் ஒருமுறை என்றால் அலென்ட்ரோனேட் வகையாக இருக்கவேண்டும். அது எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தைக் குறைக்கும். அதனால் பல் பிடுங்கிய இடமோ இம்பிளான்ட் வைத்த இடமோ ஆறாமல் போவது சிலருக்கு நடக்கும். மாத்திரையாக எடுப்பவர்களுக்கு ஆபத்து குறைவு, எடுத்த வருடங்கள் கூடக் கூட அதுவும் கூடும். எத்தனை வருடமாக எடுக்கிறீர்கள் என்பதை ஜொகூர் பாரு மருத்துவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. எலும்பு மாத்திரையைப் பல்லோடு சேர்த்து யாரும் யோசிப்பதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். ரூட் கெனாலுக்கும் கிரவுனுக்கும் அது தடையில்லை. இம்பிளான்ட்டுக்கு முன் அதைக் கொடுத்த மருத்துவரிடம் பேசவேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரினையும் நிறுத்தவேண்டாம். அதனால் கசியும் இரத்தத்தைப் பஞ்சு வைத்துக் கடித்தே நிறுத்திவிடலாம், ஆஸ்பிரினை நிறுத்தியதால் வரும் மாரடைப்புக்கு என்னிடம் பஞ்சு கிடையாது.

அந்த மருத்துவரைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை, ஆனாலும் ஒரு தடவை பெயரைச் சரிபார்த்துவிடுங்கள். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டை இணையத்தில் யாரும் தேடலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொழில் சான்றிதழையும் கேட்டுப் பார்க்கலாம். பட்டமே இல்லாமல் பல் மேல் ஒட்டும் வெனியர் தகடும் கம்பியும் போட்டு நீதிமன்றம் வரை போனவர்கள் அங்கே உண்டு. எக்ஸ்ரே படங்கள் எல்லாவற்றையும் ஃபோனுக்கு அனுப்பச் சொல்லி மகளிடமும் ஒரு பிரதி வையுங்கள். இங்கே உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கு அவர் போன் செய்யவேண்டியதில்லை, படம் இருந்தால் போதும்.

இந்தப் பக்கமும் ஒரு பல் மருத்துவரை இப்போதே பிடித்துவைத்துக்கொள்ளுங்கள், சுத்தம் செய்துகொள்ளவாவது ஒருமுறை போய் வாருங்கள். சிகிச்சைக்குப் பின் வீக்கம் வந்தால் அது உங்களுக்கு வசதியாகச் செவ்வாய்க்கிழமை காலையில் வராது. நீண்ட வார இறுதியில் வரும், பாலம் ஒரு கிலோமீட்டர்தான் என்றாலும் அன்றைக்கு அதைத் தாண்ட மூன்று மணி நேரம் ஆகும். தாடைக்குக் கீழே வீங்குவது, விழுங்கமுடியாமை, வாயைத் திறக்கமுடியாமை, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் எந்தப் பல் கிளினிக்கும் வேண்டாம், நேரே இங்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். பயத்துக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் மகள் இல்லாமல் திரும்பாதீர்கள். கோடீன் கலந்த வலி மாத்திரை எழுதினால் வேறு கேளுங்கள், அந்த வகை மருந்துகளை இங்கே கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு. பெரும்பாலானவர்களுக்குப் பாரசிட்டமாலே போதும்.

கடைசியாகக் கேட்டது: வெறும் வயிற்றோடு போகக்கூடாது. மரப்பு ஊசிக்குப் பட்டினி தேவையில்லை. பசியோடு பயமும் சேர்ந்தால் நாற்காலியிலேயே மயக்கம் வரும், அதையும் ஊசி மேல் போட்டுவிடுவீர்கள். வீட்டிலேயே நாலு இட்லி சாப்பிட்டு, இரத்த அழுத்த மாத்திரையையும் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். திரும்பி வரும்போது ஜொகூர் பாருவில் பசிக்கும், மகள் எங்காவது கூட்டிப்போவாள். உதட்டைக் கிள்ளிப் பாருங்கள். உணர்ச்சி வரவில்லை என்றால் தே தாரிக் ஆறட்டும், உங்கள் பங்கு ரொட்டியைப் பொட்டலம் கட்டச் சொல்லுங்கள்.